நோமே, நவுன், பெயர்: இத்தாலிய இலக்கணச் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போகும் வழி

2022 அக்டோபர் 22ஆம் நாள் ஜார்ஜா மெலோனி இத்தாலியின் முதல் பெண் பிரதமராகப் பதவியேற்றார். ஒரு வாரம் கழிவதற்குள், அவரை ‘இல் ப்ரெஸிதெந்தே தெல் கொன்ஸில்யோ’ என்று குறிப்பிடுமாறு அவரது அலுவலகத்திலிருந்து அமைச்சகங்களுக்குக் குறிப்பு போனது. அமைச்சரவையின் தலைவர் என்பது இத்தொடரின் பொருள். இத்தாலியில் எழுந்த விவாதம் முழுவதும் தொடக்கத்தில் நிற்கும் ‘இல்’ என்ற ஒரு சிறு சொல்லைப் பற்றியது. அது ஆண்பால் பெயருக்கு முன்னால் வரும் ஆர்ட்டிக்கிள். பெண்பாலுக்கு ‘லா’ வரும்.

இந்தச் செய்தியை ஆங்கிலத்தில் எழுத முயல்பவருக்கு முதல் வரியிலேயே சிக்கல் வந்துவிடுகிறது. ‘பிரைம் மினிஸ்டர்’ என்ற சொல்லுக்குப் பால் இல்லை. ‘த’ என்ற ஆர்ட்டிக்கிளுக்கும் இல்லை. எனவே நடந்ததை இலக்கணச் சொற்களைக் கொண்டுதான் விளக்கியாக வேண்டும். ‘மேல் டைட்டில்’ என்று எழுதினால் அது தவறு, ஏனென்றால் பட்டம் ஆணாக இருக்க முடியாது. ‘மாஸ்குலின் நவுன்’ என்று எழுதினாலும் போதாது, ஏனென்றால் ‘ப்ரெஸிதெந்தே’ இரு பாலுக்கும் வடிவம் மாறாமல் வரும் சொல். இத்தாலிய இலக்கணம் அத்தகைய சொல்லை ‘நோமே தி ஜேனெரே கொமூனே’ என்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வருகின்ற ‘காமன்’ என்ற அடைமொழியோ, ஆங்கில இலக்கணத்தில் ஏற்கெனவே வேறு இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்கிறது.

இலக்கணக் கலைச்சொற்களைப் பெயர்ப்பதில் உள்ள சிக்கல் இந்த ஒரு செய்தியிலேயே முழுமையாக இருக்கிறது. இத்தாலிய மொழியை ஆங்கிலப் பாடநூல் வழியாகக் கற்கும் தமிழர்கள் நாள்தோறும் இதைச் சந்திக்கிறார்கள். பலெர்மோ போன்ற நகரங்களில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளோ அதே சொற்களை இத்தாலியப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லும் இத்தாலியச் சொல்லும் ஒரே லத்தீன் மரத்தின் கிளைகள் என்பதால் இரண்டும் ஒன்றே என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பினால் எந்தெந்த இடத்தில் தவறு நேரும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

‘நோமே’ என்றால் என்ன

இத்தாலிய மொழியில் ‘நோமே’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒருவரை அழைக்கும் பெயரும் அதுதான். இலக்கணத்தில் வரும் பெயர்ச்சொல்லும் அதுதான். அரசு அலுவலகப் படிவத்தில் ‘நோமே’, ‘கொஞ்ஞோமே’ என்று இரு கட்டங்கள் இருந்தால், முன்னதில் தன் பெயரையும் பின்னதில் குடும்பப் பெயரையும் எழுத வேண்டும். அதே ‘நோமே’ பள்ளி இலக்கண நூலில் வந்தால் மரம், மகிழ்ச்சி, மழை எல்லாம் அதில் அடங்கும்.

தமிழருக்கு இதில் வியப்பு இல்லை. ‘உங்கள் பெயர் என்ன’ என்பதிலும் ‘பெயர், வினை, இடை, உரி’ என்பதிலும் இருப்பது ஒரே சொல். ஆங்கிலத்தில்தான் அது இரண்டாகப் பிரிந்தது. ‘நேம்’ என்பது ஆங்கிலத்தின் சொந்த ஜெர்மானியச் சொல். ‘நவுன்’ என்பது லத்தீனின் ‘நோமென்’ பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. அதனால் இத்தாலிய நூலில் ‘நோமே’ வரும் ஒவ்வோர் இடத்திலும் இது ‘நேம்’ ஆகுமா ‘நவுன்’ ஆகுமா என்று மொழிபெயர்ப்பாளர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ‘நோமே ப்ரோப்ரியோ’ இலக்கண நூலில் ‘ப்ராப்பர் நவுன்’ ஆகும். ஓர் ஆளைப் பற்றிய பேச்சில் அவரது ‘கிவன் நேம்’ ஆகவும் கூடும்.

இதற்குள் மூன்றாவது பொருள் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. லத்தீன் இலக்கண மரபில் ‘நோமென்’ என்ற பெரிய வகுப்புக்குள் இன்று நாம் பெயர்ச்சொல் என்பதும் பெயரடை என்பதும் சேர்ந்தே இருந்தன. முன்னது ‘தானாக நிற்கும் பெயர்’. பின்னது ‘சேர்ந்து நிற்கும் பெயர்’. ஆங்கில இலக்கணமும் பல காலம் ‘நவுன் சப்ஸ்டான்டிவ்’, ‘நவுன் அட்ஜெக்டிவ்’ என்று இரண்டையும் ஒரே தலைப்பில்தான் வைத்திருந்தது. பின்னர் அட்ஜெக்டிவ் தனி வகுப்பாகி விலக, ‘நவுன்’ சுருங்கிப் பெயர்ச்சொல்லுக்கு மட்டும் உரியதாகியது. ‘சப்ஸ்டான்டிவ்’ என்ற சொல்லை இன்று ஆங்கிலப் பள்ளி மாணவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். இத்தாலியில் ‘சொஸ்தன்தீவோ’ இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘நோமே’ என்பதற்கு மாற்றாக நாள்தோறும் வழங்குகிறது. ஆகவே ‘சொஸ்தன்தீவோ’வை ‘சப்ஸ்டான்டிவ்’ என்று பெயர்ப்பவர், சாதாரணச் சொல்லுக்கு வழக்கிழந்த சொல்லைத் தருகிறார். ‘நவுன்’ என்பதே அங்கே சரியான பெயர்ப்பு.

பழைய அகன்ற பொருள் இத்தாலிய இலக்கணத்தில் ஓரிடத்தில் மட்டும் அப்படியே உறைந்திருக்கிறது. ‘இல் சியேலோ எ அட்ஸூர்ரோ’, அதாவது ‘வானம் நீலமாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தில் ‘அட்ஸூர்ரோ’ என்ற பெயரடையை இத்தாலியப் பள்ளிகள் ‘நோமே தெல் ப்ரெதிகாத்தோ’ என்கின்றன; சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பயனிலையின் பெயர்’. இதை ‘ப்ரெடிகேட் நவுன்’ என்று ஆங்கிலப்படுத்தினால், பெயரடையைப் பெயர்ச்சொல் என்று சொன்னதாகிவிடும். ஆங்கிலத்தில் இவ்விடத்துக்குப் பொருந்துவது ‘சப்ஜெக்ட் காம்ப்ளிமென்ட்’. இத்தாலிய இலக்கணம் பயனிலையை ‘ப்ரெதிகாத்தோ வெர்பாலே’, ‘ப்ரெதிகாத்தோ நோமினாலே’ என்று இரண்டாகப் பிரிப்பதை வினைப்பயனிலை, பெயர்ப்பயனிலை என்று படித்த தமிழ் மாணவர் எளிதில் பிடித்துக்கொள்வார். ஆங்கில இலக்கண நூலில் அந்தப் பிரிவுக்கு அவ்வளவு முதன்மையான இடம் இல்லை.

லத்தீனின் இந்தச் சட்டகம் தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1680இல் வட இத்தாலியின் காஸ்திக்லியோனே ஊரில் பிறந்த வீரமாமுனிவர், தமிழுக்கான இலக்கணங்களை ஐரோப்பியர் பயில லத்தீனில் எழுதினார். அவற்றுள் செந்தமிழ் பற்றிய நூலைப் பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ‘பெயர்’ என்ற தமிழ்க் கலைச்சொல் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன பாதை அது. இங்கே நாம் பேசும் பாதைக்கு அது நெருங்கிய உறவு.

பால்: நான்கு வகுப்புகள், நான்கு பொறிகள்

முதலில் ஒரு வேறுபாட்டை உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். இத்தாலிய மொழியில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். மேசைக்கும் நாற்காலிக்கும்கூட இது பொருந்தும். இது சொல்லின் பண்பு. உயிரின் ஆண், பெண் தன்மை இதிலிருந்து வேறானது. தமிழில் பால் பெரும்பாலும் பொருளைத் தொடர்ந்து வருவதால், இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தேவை நமக்கு அரிதாகவே வருகிறது. ஆங்கிலத்தில் இதற்கென்று இரு சோடிச் சொற்கள் உண்டு: சொல்லுக்கு ‘மாஸ்குலின்’, ‘ஃபெமினின்’, உயிருக்கு ‘மேல்’, ‘ஃபீமேல்’. இத்தாலியிலும் ‘மாஸ்கியோ’, ‘ஃபெம்மினா’ என்பவை உயிரைக் குறிக்கின்றன. ஆனால் ‘மாஸ்கீலே’, ‘ஃபெம்மினீலே’ என்ற சொற்கள் இலக்கணப் பாலையும் குறிக்கும். ஆண்களுக்கு உரிய, பெண்களுக்கு உரிய என்றும் பொருள்படும். கடையில் ஆடைப் பிரிவுக்கு மேலே இருக்கும் ‘மாஸ்கீலே’யும் இலக்கண நூலில் இருக்கும் ‘மாஸ்கீலே’யும் ஒரே எழுத்துகள்தாம். முன்னதை ‘மென்ஸ்’ என்றும் பின்னதை ‘மாஸ்குலின்’ என்றும் பெயர்க்க வேண்டும். இலக்கண இடத்தில் ‘மேல்’ ஒருபோதும் வரக்கூடாது.

ஏன் கூடாது என்பதற்கு ஒரே ஒரு தொடர் போதும்: ‘லா தீக்ரே மாஸ்கியோ’. பொருள், ஆண் புலி. ஆனால் ‘தீக்ரே’ பெண்பால் சொல். அதற்கு முன் ‘லா’தான் வரும். பெண்பால் சொல்லால் ஆண் விலங்கைச் சொல்லும் இத்தொடரில் ‘ஃபெமினின்’, ‘ஃபீமேல்’ இரண்டையும் குழப்பியவர் எதையும் விளக்க முடியாது. காவலரைக் குறிக்கும் ‘லா குவார்தியா’வும் ஒற்றரைக் குறிக்கும் ‘லா ஸ்பியா’வும் அப்படியே. அந்த ஆள் ஆணாக இருந்தாலும் சொல் பெண்பாலாகவே நிற்கும்.

உயிருள்ளவற்றைக் குறிக்கும் பெயர்களை, ஆண் பெண் வேறுபாட்டை அவை எப்படிக் காட்டுகின்றன என்பதை வைத்து இத்தாலியப் பள்ளி இலக்கணம் நான்காக வகுக்கிறது.

1. நோமே மோபிலே. ஒரே அடிச்சொல்லில் ஈறு மாறி இரு பாலையும் தரும் பெயர். ‘மயெஸ்த்ரோ’ ஆசிரியர், ‘மயெஸ்த்ரா’ ஆசிரியை. ‘அத்தோரே’ நடிகர், ‘அத்ரீச்சே’ நடிகை. ‘லெயோனே’ ஆண் சிங்கம், ‘லெயொனெஸ்ஸா’ பெண் சிங்கம். ‘மோபிலே’ என்றால் நகரக்கூடியது. இங்கே நகர்வது ஈறு. ஆனால் வீட்டில் நகர்த்தக்கூடிய பொருளான மேசை நாற்காலிக்கும் இத்தாலியில் ‘மோபிலே’ என்றே பெயர். ‘மொபைல் நவுன்’ என்றால் ஆங்கில வாசகருக்கு எதுவும் புரியாது. அதற்கு நிலைத்த ஆங்கிலக் கலைச்சொல்லும் இல்லை. ‘ஈற்றால் பால் காட்டும் பெயர்’ என்று விரித்துச் சொல்வதே வழி.

2. நோமே இந்திபெந்தெந்தே. ஆணுக்கும் பெண்ணுக்கும் முற்றிலும் வேறு சொற்கள்: ‘பாத்ரே’ தந்தை, ‘மாத்ரே’ தாய், ‘ஃப்ரதெல்லோ’ உடன்பிறந்தவன், ‘சொரெல்லா’ உடன்பிறந்தவள். இதில் பெரிய சிக்கல் இல்லை.

3. நோமே தி ஜேனெரே கொமூனே. சொல் மாறாது, ஆர்ட்டிக்கிள் மட்டும் மாறும். ‘இல் கந்தாந்தே’ பாடகர், ‘லா கந்தாந்தே’ பாடகி. ‘ப்ரெஸிதெந்தே’ இந்த வகுப்பைச் சேர்ந்தது. இதை ஆங்கிலத்தில் ‘நவுன் ஆஃப் காமன் ஜெண்டர்’ என்று பெயர்க்கலாம்; பழைய லத்தீன் இலக்கண நூல்களில் அப்படியே இருக்கிறது. ஆனால் சுருக்கம் வேண்டி ‘காமன் நவுன்’ என்று எழுதிவிட்டால், அது பொதுப்பெயர் என்ற வேறு பொருளைத் தரும். தவிர, ஸ்வீடிஷ், டேனிஷ் மொழிகளை விளக்கும் ஆங்கில நூல்களில் ‘காமன் ஜெண்டர்’ என்றால் பழைய ஆண்பாலும் பெண்பாலும் கரைந்து ஒன்றாகிய தனிப் பால். அங்கே ஒரே பால். இங்கே இரு பாலுக்கும் ஒரே வடிவம். வாசகர் மொழியியல் படித்தவராக இருந்தால், இந்த வேறுபாட்டை ஒரு வாக்கியத்தில் தெளிவாக்கிவிடுவது நல்லது.

4. நோமே ப்ரொமிஸ்குவோ. இலக்கணப் பால் ஒன்றே. உயிர் எதுவானாலும் மாறாது. மேலே கண்ட ‘லா தீக்ரே’ இவ்வகை. ஒட்டகச்சிவிங்கி ‘லா ஜிராஃப்ஃபா’, நரி ‘லா வோல்பே’ என்று பெண்பாலிலும், சிறுத்தை ‘இல் லெயொபார்தோ’ என்று ஆண்பாலிலும் நிலைத்திருக்கின்றன. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ‘மாஸ்கியோ’, ‘ஃபெம்மினா’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது சொல்லில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் நால்வகையிலும் மிக மோசமாகப் பெயர்க்கப்படக்கூடியது இதுவே. இன்றைய ஆங்கிலத்தில் ‘ப்ரொமிஸ்குவஸ்’ என்பது ஒருவரின் பாலியல் ஒழுக்கத்தைப் பழிக்கும் சொல். லத்தீனில் அதன் வேர் ‘மிஸ்கேரே’, கலத்தல் என்ற வினை. ‘ப்ரொமிஸ்குவும்’ என்றால் கலந்தது. 4ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த தொனாத்துஸ் தன் சிறு இலக்கணத்தில் பால்களை அடுக்கும்போது, ‘எபிகொய்னோன், அதாவது ப்ரொமிஸ்குவும்’ என்று கிரேக்கச் சொல்லையும் லத்தீன் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிட்டுக்குருவியையும் கழுகையும் எடுத்துக்காட்டாகத் தருகிறார். இத்தாலியப் பள்ளிகள் அந்த லத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டன. ஆங்கிலம் கிரேக்கச் சொல்லை ‘எபிசீன்’ என்று எடுத்துக்கொண்டது. எனவே ‘நோமே ப்ரொமிஸ்குவோ’வுக்கு ஆங்கிலத்தில் ‘எபிசீன் நவுன்’ என்பதே சரி. இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆங்கில எழுத்தாளர் சிலர் ‘எபிசீன்’ என்பதை இரு பாலுக்கும் பொதுவான எந்தச் சொல்லுக்கும் தளர்வாகப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப் பயன்படுத்தினால் மூன்றாம் வகையும் நான்காம் வகையும் ஒன்றாகிவிடும். மூன்றாவதில் இலக்கணப் பால் ஆளைத் தொடர்ந்து மாறுகிறது; நான்காவதில் மாறுவதே இல்லை.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இங்கே ‘விரவுப்பெயர்’ நினைவுக்கு வரும். ‘விரவு’ என்பதும் கலத்தல்தான். தொல்காப்பியம் உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயர்களை இப்படி அழைக்கிறது. சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது என்று பயனிலைதான் திணையைக் காட்டும். சொல்லின் பொருளை மட்டும் பார்த்து ‘ப்ரொமிஸ்குவோ’வுக்கு ‘விரவுப்பெயர்’ என்று தமிழில் எழுதிவிடத் தோன்றும். வகுப்பைப் பார்த்தால், பக்கத்துச் சொல் மாறிப் பெயரின் இயல்பைக் காட்டுகிற மூன்றாம் வகைக்கே விரவுப்பெயர் நெருங்கி வருகிறது. சொல் ஒத்துப்போய் வகுப்பு ஒத்துப்போகாத இந்த நிலைதான், இத்தாலியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

இப்போது மெலோனி செய்திக்குத் திரும்பலாம். ‘ப்ரெஸிதெந்தே’ மூன்றாம் வகை என்பதால், ‘லா ப்ரெஸிதெந்தே’ என்று சொல்வதற்குப் புதிய சொல் எதையும் உருவாக்க வேண்டியதில்லை. 2013 முதல் 2018 வரை இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவைத் தலைவராக இருந்த லௌரா பொல்த்ரீனி தன்னை அப்படித்தான் அழைக்கச் சொன்னார். ‘மினீஸ்த்ரோ’, ‘சீந்தகோ’ என்ற அமைச்சர், மேயர் பதவிப் பெயர்களின் நிலை வேறு. அவை முதல் வகை. பெண்பாலுக்கு ‘மினீஸ்த்ரா’, ‘சீந்தகா’ என்று ஈற்றை மாற்ற வேண்டும். அம்மாற்றத்தை 1987இல் பெண்ணியச் செயற்பாட்டாளரான அல்மா சபத்தீனி, இத்தாலியப் பிரதமர் அலுவலகம் வெளியிட்ட பரிந்துரைகளில் வலியுறுத்தினார். பதவிப்பெயர்கள் பற்றிய இத்தாலிய விவாதத்தில் இந்த இரு வகுப்புகளும் கலந்தே பேசப்படுகின்றன. ஆங்கிலத்தில் அதை விளக்குபவர் வகுப்பைப் பிரித்துக் காட்டினால்தான், ‘லா ப்ரெஸிதெந்தே’யை எதிர்ப்பவரிடமும் ‘சீந்தகா’வை எதிர்ப்பவரிடமும் இருக்கும் இலக்கணக் காரணம் ஒன்றல்ல என்பது வாசகருக்குப் புலப்படும்.

எண்: குறையும் மிகையும்

ஒருமை, பன்மை என்ற சொற்களில் சிக்கல் இல்லை. ‘சிங்கொலாரே’, ‘ப்ளுராலே’ இரண்டும் ஆங்கிலத்துக்கு நேராகப் போய்ச்சேரும். அவற்றின் விதிவிலக்குகளுக்கு வைத்த பெயர்களில்தான் கவனம் வேண்டும்.

ஒருமை மட்டும் அல்லது பன்மை மட்டும் உடைய பெயர் ‘நோமே திஃபெத்தீவோ’. பசியைக் குறிக்கும் ‘ஃபாமே’வுக்குப் பன்மை இல்லை, திருமணத்தைக் குறிக்கும் ‘நோத்ஸே’வும் விடுப்பைக் குறிக்கும் ‘ஃபேரியே’யும் பன்மையில் மட்டுமே வரும். இத்தாலிய மொழி இங்கே நுட்பமாகச் செயல்பட்டிருக்கிறது: பழுதான பொருளுக்கு ‘திஃபெத்தோஸோ’, வடிவம் குறைந்த சொல்லுக்கு ‘திஃபெத்தீவோ’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘டிஃபெக்டிவ்’ என்ற ஒரே சொல். ‘டிஃபெக்டிவ் நவுன்’ என்பது லத்தீன் படித்தவருக்குப் புரியும். மற்றவருக்கு ஏதோ பிழையுள்ள சொல் என்று தோன்றும். ஆங்கில மொழியியலில் பன்மை மட்டும் உள்ள சொல்லுக்கு ‘ப்ளுராலே தாந்தும்’ என்ற லத்தீன் தொடரே நிலைத்திருக்கிறது. பொது வாசகருக்கு எழுதினால் ‘பன்மையில் மட்டும் வரும் பெயர்’ என்று விரித்துச் சொல்வது மேல்.

இதற்கு எதிர்முனை ‘நோமே சொவ்ரப்பொந்தாந்தே’, மிகையான வடிவம் உடைய பெயர். கை என்பதற்கு ‘ப்ராச்சோ’, ஆண்பால் ஒருமை. அதற்கு இரு பன்மை உண்டு: ஆண்பாலில் ‘ப்ராச்சி’, பெண்பாலில் ‘ப்ராச்சா’. மனித உடலின் கைகள் என்றால் ‘லெ ப்ராச்சா’. விளக்குத் தண்டின் கைகளோ ஆற்றின் கிளைகளோ என்றால் ‘இ ப்ராச்சி’. ‘மூரோ’ என்ற சுவருக்கும் இப்படியே: வீட்டின் சுவர்கள் ‘இ மூரி’, நகரைச் சூழ்ந்த மதில் ‘லெ மூரா’. லூக்கா நகரத்தைச் சுற்றி இன்றும் மக்கள் நடக்கும் அகன்ற மதில் ‘லெ மூரா’தான். அதை ‘மூரி’ என்று யாரும் சொல்வதில்லை. லத்தீனில் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத ‘நியூட்டர்’ என்ற மூன்றாம் பால் சொற்களின் பன்மை ‘ஆ’ என்று முடிந்தது. அந்த மூன்றாம் பால் இத்தாலியில் மறைந்தபோது, ‘ஆ’ ஈறு பெண்பால் போல ஒலித்ததால் பெண்பால் பன்மையாக ஏற்கப்பட்டது. தொகுதியாக எண்ணப்படும் பொருள்களில் அது நிலைத்தது. முட்டையைக் குறிக்கும் ‘உவோவோ’ ஒருமையில் ஆண்பால்; பன்மையில் ‘உவோவா’ பெண்பால். இதற்கு ஒரே பன்மை என்பதால் இது மிகைப்பெயர் ஆகாது.

‘சூப்பர்அபண்டன்ட்’ என்ற நேர்ப்பெயர்ப்பு ஆங்கிலத்தில் விளைச்சல் மிகுதியைத்தான் நினைவூட்டும். சொல் வடிவங்களை ஆராயும் இன்றைய உருபனியலில் ‘ஓவர்அபண்டன்ஸ்’ என்ற கலைச்சொல் வழங்குகிறது. ஆனால் அது ஓர் இடத்துக்கு இரு வடிவங்கள் இருப்பதையே முதன்மையாகக் குறிக்கிறது. ‘ப்ராச்சி’, ‘ப்ராச்சா’ போலப் பொருள் பிரிந்த சோடிகளை முழுவதும் தழுவுவதில்லை. ‘இரு பன்மை உடைய பெயர்’ என்ற எளிய விளக்கமே இங்கு எவரையும் வழிதவறச் செய்யாது.

எண்ணத்தகு பெயர், எண்ணத்தகாப் பெயர் என்ற பிரிவிலோ நிலைமை தலைகீழ். ‘நுமெராபிலே’ என்பதற்குக் ‘கவுன்டபிள்’ என்பது துல்லியமான பெயர்ப்பு, வகுப்பும் ஒன்றே, உறுப்பினர்தான் வேறு. ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’ ஆகியவற்றை ஆங்கிலத்தில் எண்ண முடியாது. இத்தாலியில் ஒரு தகவல், இரு அறிவுரை, மூன்று ‘மோபிலி’ என்று தாராளமாக எண்ணலாம். கலைச்சொல்லைச் சரியாகப் பெயர்த்துவிட்டு எடுத்துக்காட்டையும் அப்படியே பெயர்த்தால், விதிக்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு அச்சில் நிற்கும். தொகுதிப்பெயரிலும் இதே நிலை. மக்கள் என்று பொருள்படும் ‘ஜேந்தே’ இத்தாலியில் பெண்பால் ஒருமை, அதற்கு ஒருமை வினை. ‘பீப்பிள்’ ஆங்கிலத்தில் பன்மை.

‘அல்தெராத்தோ’: ஆங்கிலத்தில் இடமில்லாத வகுப்பு

‘காஸா’ வீடு. ‘கஸெத்தா’ சிறு வீடு. ‘கஸூச்சா’ எளிய, அன்புக்குரிய சிறு வீடு. ‘கஸோனா’ பெரிய வீடு. ‘கஸாச்சா’ இழிந்த, பிடிக்காத வீடு. ஐந்தும் வீட்டையே குறிக்கின்றன. சொல்பவரின் மனநிலையும் அளவு பற்றிய மதிப்பீடும் ஈற்றில் ஏறியிருக்கின்றன. இத்தகைய பெயரை ‘நோமே அல்தெராத்தோ’ என்பர். உட்பிரிவுகள்: சிறுமை காட்டும் ‘திமினுதீவோ’, பெருமை காட்டும் ‘அக்ரெஷித்தீவோ’, செல்லம் காட்டும் ‘வெத்ஸெஜ்ஜதீவோ’, இழிவு காட்டும் ‘பெஜ்ஜொரதீவோ’.

உட்பிரிவுகளில் மூன்றுக்கு ஆங்கிலச் சொல் கிடைக்கும்: ‘டிமினியூடிவ்’, ‘ஆக்மென்டேடிவ்’, ‘பிஜோரேடிவ்’. ‘வெத்ஸெஜ்ஜதீவோ’வின் வேர் ‘வெத்ஸெஜ்ஜாரே’, கொஞ்சிச் சீராட்டுதல். அதற்குச் சிலர் தரும் ‘ஹைபோகரிஸ்டிக்’ என்ற சொல் பெரும்பாலும் ஆட்பெயர்ச் சுருக்கங்களுக்கு உரியது. வீட்டுக்கும் நூலுக்கும் அது பொருந்தி வராது. ‘அஃபெக்ஷனேட் டிமினியூடிவ்’ என்பது நீளமானாலும் நேர்மையானது.

தலைப்புச் சொல்லான ‘அல்தெராத்தோ’வில்தான் பெரிய வழுக்கல். ‘ஆல்டர்ட் நவுன்’ என்றால் யாரோ மாற்றிவிட்ட சொல் என்று பொருள்படும். மொழியியலில் இந்த வகுப்புக்கு ‘எவாலுவேட்டிவ்’, அதாவது மதிப்பீடு காட்டும் உருபு என்ற பெயர் இருக்கிறது. நான் அதையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் இத்தாலிய இலக்கணம் இந்தப் பெயர்களைத் ‘தெரிவாத்தோ’ என்னும் வருவிப்புப் பெயர்களிலிருந்து பிரித்துவைக்கும் காரணத்தை அது காட்டுகிறது. ‘லீப்ரோ’ நூல், ‘லிப்ராயோ’ நூல் விற்பவர். இங்கே ஈறு வேறொரு பொருளை உண்டாக்கியது, ஆகவே வருவிப்பு. ‘லிப்ராச்சோ’ மோசமான நூல். அது நூலாகவே இருக்கிறது, ஆகவே மதிப்பீடு.

பள்ளிகள் இதற்குப் பின் ‘போலி அல்தெராத்தி’ என்ற பட்டியலையும் கற்பிக்கின்றன. ‘தாக்கோ’ காலணியின் குதி, ‘தக்கீனோ’ வான்கோழி. ‘மாத்தோ’ பித்தர், ‘மத்தோனே’ செங்கல். ‘பூர்ரோ’ வெண்ணெய், ‘புர்ரோனே’ மலைப்பிளவு. ஈறு போலத் தோன்றுவது ஈறே இல்லை. இந்தப் பட்டியலை ஆங்கிலப்படுத்தும்போது எடுத்துக்காட்டுகளை இத்தாலியிலேயே விட்டுப் பொருளை மட்டும் பக்கத்தில் தர வேண்டும். பெயர்த்துவிட்டால் பாடமே காணாமல் போய்விடும்.

வாக்கியத்துக்குள்: ‘கொம்ப்ளெமெந்தோ’

பெயர்ச்சொல் வாக்கியத்தில் ஏற்கும் பணிகளைப் பிரித்துக் காட்டும் பயிற்சிக்கு இத்தாலியில் ‘அனாலிஸி லோஜிகா’ என்று பெயர். ‘லாஜிக்கல் அனாலிசிஸ்’ என்று பெயர்த்தால் தருக்கவியல் ஆகிவிடும். வாக்கிய உறுப்பிலக்கணம் என்று தமிழிலும், ‘சென்டென்ஸ் பார்சிங்’ என்று ஆங்கிலத்திலும் கொள்ளலாம்.

அதில் வரும் முதன்மையான சொல் ‘கொம்ப்ளெமெந்தோ’. எழுவாய், பயனிலை தவிர்த்த ஏறக்குறைய எல்லா உறுப்புகளையும் அது தழுவுகிறது. ‘கொம்ப்ளெமெந்தோ ஓஜ்ஜெத்தோ’ செயப்படுபொருள், ஆங்கிலத்தில் ‘டைரக்ட் ஆப்ஜெக்ட்’. ஆங்கில இலக்கணத்தில் ‘காம்ப்ளிமென்ட்’ என்பதோ, ‘அவர் மருத்துவர்’ என்பதில் மருத்துவர் வகிக்கும் இடத்தைக் குறிக்கிறது. அந்த இடத்தை இத்தாலியர் ‘நோமே தெல் ப்ரெதிகாத்தோ’ என்று அழைப்பதை முன்பே கண்டோம். ஆங்கிலத்தின் ‘காம்ப்ளிமென்ட்’ இத்தாலியின் ‘நோமே’. இத்தாலியின் ‘கொம்ப்ளெமெந்தோ’ ஆங்கிலத்தின் ‘ஆப்ஜெக்ட்’. ஒலியை நம்பியவர் இரண்டையும் இடம் மாற்றிவிடுவார்.

‘மரியாவுக்கு நூலைக் கொடுக்கிறேன்’ என்பதில் ‘மரியாவுக்கு’ என்பது ‘கொம்ப்ளெமெந்தோ தி தேர்மினே’. ‘தேர்மினே’ கலைச்சொல் என்றும் பொருள்படும். இங்கே அது முடியும் இடம், செயல் போய்ச் சேரும் எல்லை. தமிழருக்கு நான்காம் வேற்றுமை என்றால் உடனே விளங்கும். ஆங்கிலத்தில் ‘இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்’. ‘மரியாவினது நூல்’ என்பதில் வருவது ‘கொம்ப்ளெமெந்தோ தி ஸ்பெசிஃபிகத்ஸியோனே’. நமக்கு ஆறாம் வேற்றுமை; ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ தொடர் அல்லது ‘பொசெசிவ்’. ‘காம்ப்ளிமென்ட் ஆஃப் ஸ்பெசிஃபிகேஷன்’ என்று எழுதினால் எந்த ஆங்கில மாணவருக்கும் அது எதைச் சொல்கிறது என்று தெரியாது.

பெயர்க்கும் முறை

1. கலைச்சொல்லின் பொருளைப் பார்ப்பதற்கு முன், அதன் கீழ் நூலாசிரியர் தரும் எடுத்துக்காட்டுகளைப் பார்க்க வேண்டும். ‘மோபிலே’ என்ற சொல் குழப்பும்; ‘மயெஸ்த்ரோ, மயெஸ்த்ரா’ என்ற சோடி குழப்பாது.

2. அது எதற்கு எதிராக நிற்கிறது என்று கேட்க வேண்டும். ‘ப்ரிமித்தீவோ’ என்பது ‘தெரிவாத்தோ’வுக்கு எதிர்ச்சொல் என்று தெரிந்தால், ‘ப்ரிமிட்டிவ்’ என்று எழுதி வாசகரை நாகரிகம் தோன்றாத காலத்துக்கு அனுப்ப மாட்டோம். ‘வருவிக்கப்படாதது’ என்று எழுதுவோம்.

3. அதே வகுப்புக்கு ஆங்கிலத்தில் நிலைத்த சொல் இருந்தால், ஒலி எவ்வளவு வேறுபட்டாலும் அதையே எடுக்க வேண்டும். ‘ப்ரொமிஸ்குவோ’வுக்கு ‘எபிசீன்’ அப்படிப்பட்டது.

4. வகுப்பே ஆங்கிலத்தில் இல்லையென்றால், இத்தாலியச் சொல்லை வைத்துக்கொண்டு முதல்முறை வரும்போது விளக்கம் தர வேண்டும். பிறகு நூல் முழுவதும் அதே சொல். இடையில் மாற்றக் கூடாது.

இத்தாலியப் பள்ளி மாணவர் ‘லெ ப்ராச்சா’வுக்கு எழுதும் ‘அனாலிஸி கிராமாதிகாலே’ என்ற, சொல்லின் இலக்கண வகைகளை அடுக்கும் வரியில் இம்முறையைப் பொருத்திப் பார்க்கலாம். அவர் எழுதுவது: ‘நோமே கொமூனே தி கோஸா, கொன்க்ரேத்தோ, ப்ரிமித்தீவோ, ஃபெம்மினீலே, ப்ளுராலே, சொவ்ரப்பொந்தாந்தே’. சொல்லுக்குச் சொல் ஆங்கிலம்: ‘காமன் நேம் ஆஃப் திங், கான்கிரீட், ப்ரிமிட்டிவ், ஃபீமேல், ப்ளூரல், சூப்பர்அபண்டன்ட்’. ஆறு சொல்லில் ஒன்றிரண்டைத் தவிர எதுவும் நிற்கவில்லை. வகுப்பைப் பெயர்த்தால் ஆங்கிலத்தில் வர வேண்டிய வரியின் பொருள் இது: ‘பொதுப்பெயர், ஆளையோ விலங்கையோ குறிக்காதது, பருப்பொருள், வருவிக்கப்படாதது, பெண்பால் பன்மை, இதன் ஒருமையான ப்ராச்சோ ஆண்பால், ப்ராச்சி என்ற ஆண்பால் பன்மையும் அதற்கு வேறு பொருளில் உண்டு.’